'க' வரிசைக்கு இடமில்லை

மேல்வீட்டுச் சிறுமி மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். நான் பத்திரிகைகளில் எழுதுகிறவன் என்பதால் எனக்கு எல்லாம் தெரியும் என்று அவள் அம்மா நம்புகிறார். வேறு யாரும் அப்படி நம்புவதில்லை என்பதால் அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. போன வாரம் சிறுமி பென்சிலோடு வந்து நின்றாள். 'க' வரிசையில் பெயர் ஆரம்பிக்கும் விலங்குகளையும் பறவைகளையும் எழுதிவரச் சொல்லியிருக்கிறார்களாம்.

மூச்சுவிடாமல் சொன்னேன். கோழி, கீரி, கிளி, கழுதை, குதிரை, குரங்கு, காண்டாமிருகம். ஒன்றை மட்டும் விட்டுவிட்டேன். அதை அவளே கண்டுபிடித்தாள்.

"கன்னுக்குட்டி, அங்கிள்."

"அதையும் எழுதிக்கம்மா" என்றேன்.

எங்கள் வீட்டில் ஒரு காலத்தில் இது பள்ளிப் பாடமாக இருக்கவில்லை.

அப்பா சர்க்கார் ஆபீஸ் குமாஸ்தா. சாமி, சோசியம், சகுனம் எல்லாம் அவருக்குக் கேலிப்பொருள். புதுச் சட்டை எடுத்தால் நேரம் பார்த்துத்தான் போடுவார். அதாவது ராகுகாலத்தில்தான் போடுவார். எனக்குப் பிறகு அம்மாவுக்கு இரண்டு குழந்தைகள் பிறந்தன. இரண்டும் தங்கவில்லை. முதல் முறை அப்பா டாக்டரோடு சண்டை போட்டார். அடுத்த முறை யாரோடும் சண்டை போடவில்லை. அம்மா மறுபடி உண்டாகி வயிறு தெரிய ஆரம்பித்த சமயத்தில், அம்மாவின் தம்பியான என் மாமா, ஆரப்பாளையத்து லாட்ஜ் ஒன்றில் மலையாளத்துச் சோசியர் வந்து தங்கியிருப்பதாகச் சேதி கொண்டுவந்தார். அப்பா கேலி செய்யவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டார். ராகுகாலம் முடியட்டும் என்று வாசலில் காத்திருந்துவிட்டுக் கிளம்பினார்.

என்னையும் கூட்டிப்போனார்கள். மாடியில் ஒரு சின்ன அறை. ஜன்னலை மறைத்து ஈர வேட்டி காய்ந்தது. சோசியருக்கு மலையாளத்து விபூதி, மலையாளத்து மாலை. பேச்சு மட்டும் சுத்தமான மதுரை.

"வயித்துல இருக்கிற புள்ளைக்கு 'க' ஆகாது" என்றார்.

"எது ஆகாது?" என்றார் அப்பா.

"'க' எழுத்து. க, கா, கி, கீ அம்புட்டும். அந்த வரிசையில பேரு ஆரம்பிக்கிற சீவன் ஒண்ணுகூட, புள்ளை பொறந்து பேரு வைக்கிற வரைக்கும், உங்க வீட்டு எல்லைக்குள்ள இருக்கக்கூடாது."

மாமாவுக்கு எதையும் தீர விசாரிக்கும் குணம். "சாமி, காக்கா?"

"காக்காயை நீங்க வளக்குறீகளா?"

"இல்ல."

"அப்புறம் என்ன?"

"கொசு?"

சோசியர் மாமாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அது இந்த ரூம்புலயே இருக்கு தம்பி. வளக்குறதைச் சொல்றேன்."

பூஜை கிடையாது, தகடு கிடையாது, தனிச் செலவு கிடையாது. அதனாலேயே அப்பா அவரை முழுதாக நம்பிவிட்டார். கேலி செய்து பழகிய மனிதரை வளைக்க அதைவிட எளிய வழி இல்லை என்று இப்போது தோன்றுகிறது.

வண்டியூர் தெப்பக்குளத்தைத் தாண்டி, வீடுகள் முடிந்து வயல் ஆரம்பிக்கிற இடத்தில் எங்கள் வீடு. அன்று சாயங்காலம் அங்கே விசாரணை நடந்தது. அப்பா, மாமா, எங்களோடு இருந்த அப்பாவின் அக்கா, அதாவது என் அத்தை, மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா பாயில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். எழுத்து சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். நான் கங்காருவில் ஆரம்பித்தேன்.

"டேய், நம்ம வீட்ல இருக்கிறதச் சொல்லுடா" என்றார் அப்பா.

கோழிகளுக்கு உடனே தீர்ப்பாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அவை குழம்பாயின. அந்தப் பரிகாரத்தில் குடும்பமே முழு மனதோடு கலந்துகொண்டது. கொல்லையில் அடுக்கியிருந்த பழைய செங்கலுக்குள் ஒரு கீரி குடியிருந்தது. அது வளர்ப்பில் சேராது என்று மாமா வாதாடிப் பார்த்தார். சந்தேகம் இருந்தால் நீக்கிவிடுவது அப்பாவின் ஆபீஸ் வழக்கம். கம்பெடுத்து விரட்டினார். அந்த வாரமே செங்கல் அடுக்கிலிருந்து ஒரு சாரைப்பாம்பு தலையை நீட்டிப் பார்த்தது. அதற்குத் தடை ஏதும் இல்லை.

"மச்சான், மாட்டைக் கறவைன்னும் சொல்வாகளே" என்று மாமா இழுத்தார்.

அப்பா யோசித்தார். அம்மா பால் குடித்தாக வேண்டும். "மாடுன்னே வச்சுக்குவோம்" என்றார்.

எல்லோருக்கும் அடுத்தது என்னவென்று தெரியும். தொழுவத்தில் மாட்டுக்குப் பக்கத்தில் அது நின்றது. செவலை. பிறந்து அதிக நாளாகவில்லை. என் சட்டை நுனியை வாயில் போட்டு இழுக்கிற அளவுக்கு மட்டும் உலகம் தெரிந்த கன்று.

அம்மாதான் பேசினாள். "பால் குடிக்கிற கன்னைத் தாய்கிட்ட இருந்து பிரிக்கிறதா? அந்தப் பாவம் எம்புள்ளை தலையில விடியும். வேணாங்க."

"சோசியரு சொன்னதை மீறி ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா யாரு தாயி பதில் சொல்றது?" என்றாள் அத்தை.

சோசியம், பாவம் இரண்டையும் நம்பாமல் நாற்பது வயதுவரை வந்துவிட்ட மனிதருக்கு அன்று இரண்டு பயங்களும் ஒன்றாக வந்து சேர்ந்தன. ஆபீஸில் இரண்டு மேலதிகாரிகள் ஒன்றுக்கொன்று மாறாக உத்தரவு போட்டால், பெரிய அதிகாரியின் உத்தரவை எடுத்துக்கொள்வார் அப்பா. இங்கே யார் பெரிய அதிகாரி என்று அவருக்குத் தெரியவில்லை. எழுந்துபோய் வாசலில் நின்றார். திரும்பி வந்து அம்மாவின் பாயருகே உட்கார்ந்தார்.

"எதையாச்சும் செய்யணும்லடி. சும்மா உக்காந்துக்கிட்டு இருக்க முடியல."

அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

திருவாதவூரில் மாமாவுக்குத் தெரிந்த ஒரு விவசாயி வீட்டுக்குக் கன்று போனது. டெம்போவில் ஏற்றியபோது அதற்கு ஊர் பார்க்கப் போகிற உற்சாகம். மாடுதான் கத்த ஆரம்பித்தது. வயலைப் பார்த்துக் கத்தும், ரோட்டைப் பார்த்துக் கத்தும், சைக்கிளில் போகிறவர்களைப் பார்த்துக் கத்தும். மடி கல் மாதிரி இருந்தது. அத்தை செம்போடு போய் உட்கார்ந்தால் ஒரு சொட்டு இறக்காது. காலைத் தூக்கும்.

மாமா ஒரு வழி சொன்னார். கன்று செத்துப்போனால் தோலை உரித்து, வைக்கோலைத் திணித்து, மாட்டுக்கு முன்னால் நிறுத்துவார்கள். மாடு அதை நக்கிக்கொண்டே பாலை இறக்கும். இங்கே கன்று உயிரோடு இருந்தது என்பதுதான் சிக்கல். தோலுக்குப் பதில் ஒரு சாக்கு எடுத்துக்கொண்டார். வைக்கோலை அடைத்து, நாலு குச்சியைக் காலாக நட்டு, பிறந்த அன்று கன்றைத் துடைத்த அம்மாவின் பழைய சேலையை மேலே சுற்றினார். கன்றைவிட அது ஹார்மோனியப் பெட்டியைத்தான் அதிகம் ஒத்திருந்தது.

"இது வீட்டுக்குள்ள இருக்கலாமா மாப்ள?" என்று அப்பா கவலைப்பட்டார்.

"இது சீவன் இல்லையே மச்சான்."

மாடு முகர்ந்தது. விலகியது. மறுபடி முகர்ந்தது. பிறகு நக்க ஆரம்பித்தது. அத்தையின் செம்பில் பால் விழும் சத்தம் கேட்டது. நான் கைகொட்டிச் சிரித்தேன். இந்த முட்டாள் மாட்டுக்கு வைக்கோலுக்கும் பிள்ளைக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்று அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அம்மா தொழுவத்து வாசலில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

"அதுக்குத் தெரியும்டா" என்றாள். "மடி கனத்துப்போச்சுன்னா அது என்ன செய்யும்?"

தங்கச்சி ஆஸ்பத்திரியில் பிறந்தாள். அத்தை வந்து, உன் மூக்கு அப்படியே இருக்குடா என்றாள். அந்த மூக்கை நான் பார்க்கவில்லை. சில நாள் கழித்து அம்மா ஆட்டோவில் வந்து இறங்கியபோது கையில் மருந்துப் பை மட்டும் இருந்தது.

"பாப்பா எங்க மாமா?"

"அங்கயே இருக்கட்டும்னு விட்டுட்டு வந்துட்டோம்டா."

"எப்ப வரும்?"

மாமா வேட்டியை அவிழ்த்து மறுபடி கட்டிக்கொண்டார். எனக்குப் புரிந்துவிட்டது. கன்று திருவாதவூரில் இருப்பதுபோல் தங்கச்சி ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். ஏதோ எழுத்து இன்னும் சரிப்படவில்லை போலும்.

அன்று சாயங்காலம் அத்தை அப்பாவைத் தனியே அழைத்து ஏதோ சொன்னாள். அப்பா என்னைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு பூக்கடைக்குப் போனார். அப்பா பூ வாங்கி நான் பார்த்ததில்லை. அம்மாவுக்கு வேண்டுமென்றால் வாசலில் வருகிற கூடைக்காரியிடம் அவளே வாங்கிக்கொள்வாள். கடையில் இருந்த அம்மாள் கட்டிய மல்லிகையை எடுத்து முழம் போடப் போனார்.

"கட்டுனது வேணாம். உதிரியாக் குடுங்க. நிறைய."

"உதிரியா எதுக்கு சார்? வீட்ல விசேஷமா?"

அப்பா, "ஆமா" என்றார்.

கடைக்கார அம்மாள் நிறுத்ததற்கு மேல் இரண்டு கை அள்ளிப் போட்டார். "நல்லா நடக்கட்டும் சார்."

வழியெல்லாம் பூப்பொட்டலம் என் மடியில் இருந்தது. என்ன விசேஷம் என்று கேட்டேன். அப்பா இன்னும் அழுத்தி மிதித்தார். எதிர்காற்றில் மூச்சு வாங்குகிறது என்று நினைத்துக்கொண்டேன். மூக்கையும் இரண்டு தடவை உறிஞ்சினார்.

அத்தை பொட்டலத்தை வாங்கிக்கொண்டு அம்மா இருந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். ஒரு பழைய வேட்டியை நீளமாகக் கிழிக்கும் சத்தம் கேட்டது. அம்மா தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு வெளியே வருவாள், பாயசம் இருக்கும் என்று நான் கதவுக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். அத்தை மட்டும் வந்தாள். எட்டிப் பார்த்தேன். அம்மா மல்லாந்து படுத்திருந்தாள். தலையில் ஒரு பூக்கூட இல்லை. அறை முழுக்க மணத்தது.

"பூவெல்லாம் எங்க அத்தை?"

அத்தை சுற்றுமுற்றும் பார்த்தாள். "மாடு தின்னுருச்சுடா" என்றாள்.

பிறகு நடந்தவற்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மாமா சோசியரின் காலை முறிக்கப் போனார். அந்த அறையில் ஊறுகாய் வியாபாரி ஒருவர் தங்கியிருந்தார். மாமா ஒரு பாட்டில் மாங்காய் ஊறுகாயோடு திரும்பி வந்தார். கன்றை அழைத்துவந்தோம். கொழுகொழுவென்று வளர்ந்திருந்தது, நாங்கள் இல்லாமலே. ஆசையாக மடியில் முட்டப் போனது. மாடு அதை எட்டி உதைத்தது. திரும்பி, வைக்கோல் கன்றை நக்கியது. அப்பா அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். சாகும்வரை அவர் மறுபடி சோசியத்தைக் கேலி செய்யவில்லை, நம்பவும் இல்லை. அதைப் பற்றிய பேச்சே கிடையாது. புதுச் சட்டையை எந்த நேரத்திலும் போட்டுக்கொண்டார்.

எனக்குக் கல்யாணமாகி வெகுநாள் கழித்து, உறவில் ஒரு பெண்ணுக்குக் குழந்தை இறந்தே பிறந்தது. அத்தை போனில் யாரிடமோ, "பூ வச்சுக் கட்டுனாகளா?" என்று விசாரித்துக்கொண்டிருந்தாள். அதென்ன பூ என்று மனைவியிடம் கேட்டேன். குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னாள். "மல்லிகைப்பூவை மாருல வச்சுக் கட்டுனா பால் வத்திரும்ல. குடிக்கப் புள்ளை இல்லைன்னு பாலுக்குத் தெரியவா போகுது?" ஊரைச் சிரிக்கவைக்க வாராவாரம் எழுதிக்கொண்டிருந்தேன் அப்போது. அந்த வாரம் எழுதவில்லை.

ஆனால் பூ வாங்கிவந்ததற்கு மறுநாள் காலையில் எனக்கு இதெல்லாம் தெரியாது. அம்புட்டுப் பூவையும் தின்றதற்காக மாட்டின் மேல் எனக்குக் கோபம். தொழுவத்துக்குப் போய் அதன் வாயருகே முகத்தை வைத்து முகர்ந்து பார்த்தேன். வைக்கோல் வாசம்தான் அடித்தது. பூவாசமும் வந்தது, வேறு பக்கத்திலிருந்து வந்தது. திரும்பினால் அம்மா நின்றிருந்தாள். படுக்கையிலிருந்து எழக்கூடாது என்று அத்தை சொல்லியிருந்தும் எழுந்து வந்திருந்தாள். வைக்கோல் கன்றின் மேல் நழுவிக் கிடந்த சேலையை இழுத்துச் சரியாகப் போர்த்திவிட்டாள். அம்மாவின் ரவிக்கை முன்பக்கம் நனைந்திருந்தது.

"அம்மா, சட்டையெல்லாம் ஈரம்."

அம்மா குனிந்து பார்த்துக்கொண்டாள். "தண்ணி பட்டிருச்சுடா" என்றாள்.

நான் ஓடிப்போய்க் கொடியில் கிடந்த துண்டை எடுத்துவந்து கொடுத்தேன். அம்மா வாங்கிக்கொண்டாள். துடைக்கவில்லை. துண்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தபடி மாட்டின் மேல் சாய்ந்து நின்றாள். உதவி செய்த திருப்தியோடு நான் பள்ளிக்கூடம் கிளம்பினேன். எங்கள் மாடு மல்லிகைப்பூ தின்னும் என்று அன்று வகுப்பில் எல்லோரிடமும் சொன்னேன்.