உள்ளங்கையில் ஒரு சொட்டு

கொதிக்கிற அண்டாவுக்குள் கரண்டியை விட்டு ஒரு சுழற்று. வெளியே எடுத்து விளிம்பில் டங், டங் என்று இரண்டு தட்டு. இடது உள்ளங்கையில் ஒரு சொட்டு. அதை ஊதி, நாக்கில் வைத்து, கண்ணை மூடி, "ம்ம்... உப்பு இன்னும் ஒரு கை" என்பார். அந்த இரண்டு தட்டுச் சத்தத்தால்தான் ஆலைக் கேண்டீனின் பெரிய சமையல்காரிக்குக் கரண்டியக்கா என்று பெயர் வந்தது. சொந்தப் பெயர் சம்பளச் சீட்டோடு சரி.

நான் அங்கே காய் நறுக்கவும் பாத்திரம் கழுவவும் சேர்ந்தவள். நடுப்பகலில் கொஞ்ச நேரம் ஸ்டோர் அறைச் சுவரோரம் நின்று கண்ணை மூடி ஆண்டவனை நினைப்பது என் பழக்கம். யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. சமையற்கட்டில் அமைதிக்கு எங்கே போவது? ஆனாலும் அந்த நேரத்தில் மட்டும் சத்தமெல்லாம் அடங்கிவிடும். கடவுள் அருள் என்றே நெடுநாள் நினைத்திருந்தேன். ஒருநாள் தும்மல் வந்து பாதியில் கண்ணைத் திறந்துவிட்டேன். புகை இழுக்கும் விசிறியை அக்கா நிறுத்தி வைத்திருந்தார். முகமெல்லாம் வியர்வை வழிய, கரண்டியை விளிம்பில் தட்டாமல் ஏப்ரனில் துடைத்துக்கொண்டிருந்தார். நான் பார்த்தது அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. கடவுள் அருள்தான்; ஏப்ரன் கட்டிக்கொண்டு நின்றது.

அக்கா நல்ல உடம்புக்காரர். ஏப்ரன் நாடா இரண்டும் முதுகுப் பக்கம் நுனியோடு நுனி தொட்டுக்கொள்ளும், அவ்வளவுதான். அதற்காக அவர் ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை. "சமைக்கிறவ ஒல்லியா இருந்தா சாப்பிட வர்றவனுக்குச் சந்தேகம் வரும்ல?" என்று சிரிப்பார். சிரித்தால் அடுப்பு மேடையிலுள்ள தட்டுகளும் சேர்ந்து குலுங்கும்.

அப்படிப்பட்டவர் ஒருநாள் டயட் சார்ட் ஒன்றைக் கொண்டுவந்து குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினார். காரணம், தம்பி. எங்களுக்கு ரொட்டி கொண்டுவரும் வேன் டிரைவர் அக்காவின் தம்பிதான். அவருக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டு, வாரத்தில் பாதி நாள் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் மெஷினோடு கிடந்தார். தன்னுடையதில் ஒன்றைக் கொடுக்கிறேன் என்று அக்கா போய் நின்றார். ரத்தம் பொருந்தியது, எல்லாம் பொருந்தியது, எடை மட்டும் பொருந்தவில்லை. "இந்த உடம்போட உங்களை மேஜையில படுக்க வைக்க முடியாதும்மா. இந்த அளவுக்கு இறக்கிட்டு வாங்க, அன்னைக்கே தேதி குடுக்கிறேன்" என்று டாக்டர் ஓர் எடையைச் சொல்லி அனுப்பிவிட்டார்.

அக்கா இறங்கினார். சீனியை விட்டார். சோற்றைப் பாதியாக்கினார். வேக வைத்த காயும் முட்டையின் வெள்ளையுமாக ஒரு சின்னத் தட்டில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வாயையும் மாடு அசை போடுவதுபோல் மென்றார். சனிக்கிழமைதோறும் எடை. அதற்கு ஆஸ்பத்திரிக்குப் போவானேன், ஸ்டோரில் மூட்டை நிறுக்கும் மேடைத் தராசு இருக்கிறதே. ஸ்டோர்க்கார அண்ணன் கதவருகே நின்று கூவுவார்.

"உருளைக்கிழங்கு முடிஞ்சுது, அடுத்த மூட்டை வரலாம்!"

"முதல்ல உன் வாயை எடுத்துத் தராசுல வை. ஊர்லயே அதான் கனம்" என்றபடி அக்கா ஏறுவார்.

முதல் சில மாதங்கள் முள் நன்றாகவே இறங்கியது. ஏப்ரன் நாடா முதுகைச் சுற்றி முன்பக்கம் வந்து முடிச்சுப் போடும் அளவுக்கு வளர்ந்துவிட்டது. டாக்டர் சொன்ன அளவு எட்டிப் பிடிக்கிற தூரம்தான். அந்த இடத்தில் வந்து முள் நின்றது. ஆணி அடித்து வைத்ததுபோல் நின்றது. அடுத்த சனி, அதற்கடுத்த சனி, அசையவில்லை.

அக்கா விடுவாரா? செருப்பைக் கழற்றினார். வளையல், கொண்டை ஊசி, சாவிக்கொத்து எல்லாவற்றையும் என் கையில் கொடுத்தார். ஏறுமுன் வாயைக் குவித்து மூச்சை முழுக்க ஊதித் தள்ளினார்.

"மூச்சை விட்டா எடை குறையுமாக்கா?" என்றார் ஸ்டோர்க்காரர்.

"லாரி டயர்ல காத்து அடைக்கிறாங்கல்ல, அது சும்மாவா நிக்குது? பேசாம முள்ளைப் பாரு."

மதியச் சாப்பாடு முடிந்ததும் சாப்பாட்டுக் கூடத்து மேஜைகளைச் சுற்றிச் சுற்றி நடப்பார். தொழிலாளிகள், "என்னக்கா, உக்கார இடம் கிடைக்கலையா? நாங்க வேணா எந்திரிக்கட்டுமா?" என்பார்கள். "நீங்க எந்திரிச்சா அந்தத் தட்டை யாரு கழுவி வைக்கிறது, எடுத்துட்டுப் போங்கய்யா" என்று நடை நிற்காமலே பதில் வரும். முள்ளையும் அவர் திட்டுவார். "ஏன் மகராசி, உனக்கு நான் என்ன குறை வச்சேன்? ஒரு நூலாவது நகரக் கூடாதா?" என்று அதன் கண்ணாடியைத் தடவிக் கேட்பார்.

டயட் சொல்லித்தரும் நர்ஸ் பெண் ஆறுதல்தான் சொன்னாளாம். எல்லோருக்கும் இப்படி ஓரிடத்தில் நிற்கும், உடம்பு குறைந்த சாப்பாட்டுக்குப் பழகிக்கொள்ளும், விடாமல் இருங்கள் என்றாளாம். "ஆனா அம்மா, சார்ட்ல இல்லாதது எதுவும் வாய்க்குள்ள போகலையே?" என்றும் கேட்டிருக்கிறாள். அக்கா தன் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தார்: "ஒரு பருக்கை போகல தாயி." அவர் பொய் சொல்கிறவர் இல்லை. அன்றும் சொல்லவில்லை. அவர் நம்பியதைத்தான் சொன்னார்.

தம்பி பின்வாசல் படியில் வந்து உட்காருவார். வேனை வேறொருவர் ஓட்ட, இவர் துணைக்கு வருவதோடு சரி. ரொட்டிக் கூடையைத் தூக்கும் தெம்பு போய்விட்டது. அவருக்குத் தண்ணீர் அளவு. நாளெல்லாம் சேர்ந்தால் ஒரு சின்னப் பாட்டில், அதற்கு மேல் ஒரு மடக்குக் கூடாது. அக்கா தன் தட்டோடு பக்கத்தில் உட்காருவார்.

"நீ தண்ணிக்கு ஏங்குறே, நான் சோத்துக்கு ஏங்குறேன். நல்ல குடும்பம்டா நம்மது."

"உனக்கு யாரு ஏங்கச் சொன்னது? எனக்கு உன் கிட்னி வேணாம், போ. அதுவும் உன்னை மாதிரியே ராத்திரி பகலா தொணதொணன்னு பேசும்."

"பேசட்டும். நீ பேசாத பேச்செல்லாம் அது பேசும்."

அவர் போன பிறகு ஒரு சாயங்காலம் அக்கா மாவு மூட்டைமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "அவன் கால் வீங்கியிருக்கு, பாத்தியா? அவன் மெஷின்ல கிடக்கான், நான் இங்க ஒரு முள்ளைப் பாத்துட்டு நிக்கிறேன்" என்றார். அவர் சிரிக்காமல் பேசி நான் கேட்டது அந்த ஒருமுறைதான். என் வேண்டுதலில் அன்றிலிருந்து அந்தத் தராசையும் சேர்த்துக்கொண்டேன். தராசுக்காக வேண்டிக்கொள்ளலாமா என்று தெரியவில்லை. ஆண்டவன் கோபிக்கமாட்டான் என்று நினைத்தேன்.

அந்த வாரம் அக்காவுக்குச் சளி பிடித்தது. மூக்கடைத்து நாக்கு மரத்துவிட்டது. உப்பும் தெரியவில்லை, புளிப்பும் தெரியவில்லை. கரண்டியை என்னிடம் நீட்டினார்.

"நீ பாரு தங்கச்சி."

பார்த்தேன். "நல்லா இருக்குக்கா" என்றேன்.

மதியம் தொழிலாளிகள் கிண்ணத்தோடு திரும்பி வந்தார்கள். "அக்கா, சூப்புல உப்பு போட மறந்துட்டீங்களா, இல்ல எங்களுக்கும் சேத்து டயட்டா?"

அக்கா இடுப்பில் கையை வைத்து என்னைப் பார்த்தார். "நீதானே நல்லா இருக்குன்னே?"

"நல்லாத்தான் இருந்துச்சு."

"உப்பே இல்லாமலா?"

"ஆண்டவன் குடுத்த சாப்பாட்டை எப்படிக்கா குறை சொல்றது?"

"அடி என் தங்கமே! ஆண்டவன் காய் குடுத்தான். உப்பு நாமதான் போடணும்."

மறுநாள் அவர் என்னை அண்டாவின் முன்னால் நிறுத்தி, தானும் எதிரில் நின்று, என் முகத்தையே உற்றுப் பார்த்தார். ருசி பார்த்து, "நல்லா இருக்கு" என்றேன். அவர் கை கொட்டிச் சிரித்தார். "கண்டுபிடிச்சுட்டேன்! உன் வாய்தான் நல்லா இருக்குங்குது. உப்பு கம்மின்னா இடது புருவம் மேல ஏறுது. காரம் கூடினா மூக்கு சுருங்குது. இனி நீ வாயால ஒண்ணும் சொல்ல வேணாம், மூஞ்சியை மட்டும் காட்டு." அதன்பிறகு யாரும் கிண்ணத்தோடு திரும்பி வரவில்லை.

சனிக்கிழமை வந்தது. அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டே தராசில் ஏறினார். முள் கொஞ்சம் ஆடி, பழைய இடத்தைத் தாண்டிக் கீழே போய் நின்றது. ஸ்டோர்க்காரர் நம்பவில்லை. அக்காவை இறக்கிவிட்டு ஒரு சர்க்கரை மூட்டையை ஏற்றிப் பார்த்தார். தராசு சரியாகத்தான் இருந்தது. மறுபடி அக்காவை ஏற்றினார். முள் அதே இடம்.

"சளியில பட்டினி கிடந்தியாக்கா?"

"இல்லையே. சார்ட்ல உள்ளதைத்தான் சாப்பிட்டேன். ஒண்ணும் குறைக்கல." யோசித்துக்கொண்டே தராசிலிருந்து இறங்கியவர், இடது கையைத் தூக்கிப் பிடித்து உள்ளங்கையையே பார்த்தார். பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினார். "தங்கச்சி... ருசி பாக்குறதும் சாப்பாட்டுல சேருமா?"

எங்கள் தொழிலில் சேராதுதான். ருசி பார்ப்பது வேலை. அடுப்புத் துடைப்பது, காய் நறுக்குவது மாதிரி. எந்தச் சமையல்காரியும் அதைச் சாப்பிட்டேன் என்று சொல்லமாட்டாள்.

சளி விட்டதும் அக்கா ஒரு காரியம் செய்தார். காலையிலேயே ஒரு கிண்ணத்தை அடுப்பு மேடையில் வைத்துக்கொண்டார். கை எப்போதெல்லாம் வழக்கம்போல் வாய்க்குப் போகிறதோ அப்போதெல்லாம், வாய்க்குப் போக வேண்டியதைக் கிண்ணத்தில் போட்டார். சூப்பில் ஒரு சொட்டு, பருப்பில் ஒரு சொட்டு. மறுபடி உப்புப் போட்டதற்கு ஒன்று. வறுத்த உருளைக்கிழங்கு வெந்ததா என்று ஒரு துண்டு. கஸ்டர்டில் இனிப்புப் பார்க்க ஒரு கரண்டி நுனி. கேக் ஓரம் உதிர்ந்தது. ஒன்றுமே பெரிதில்லை. மதிய மணி அடிக்குமுன் கிண்ணம் நிறைந்து, மேலே கேக் துண்டு மிதந்தது.

மூன்று பேரும் கிண்ணத்தைச் சுற்றி நின்றோம்.

"ஒரு ஆள் சாப்பாடு" என்றார் ஸ்டோர்க்காரர் மெதுவாக.

"நல்ல பசியோட இருக்கிற ஆள்" என்றார் அக்கா. அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை, மேடையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அந்த நர்ஸ் பொண்ணு தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணாத குறைதான்! ஒரு பருக்கை போகலையாம்! அண்டா அண்டாவா போயிருக்கு!"

அன்றே கரண்டி நிரந்தரமாக என் கைக்கு வந்தது. சிரித்துக்கொண்டுதான் கொடுத்தார். ஆனால் அது சின்ன விஷயமில்லை. அந்த நாக்கை நம்பித்தான் ஆலையே சாப்பிட்டது. அவரும் அதை நம்பித்தான் தலை நிமிர்ந்து நின்றார். முதல் நாட்களில் அண்டா கொதித்ததும் அவருடைய இடது கை தானாக நீளும். "பாரு, பந்தியில இடம் கிடைக்காதவன் கை மாதிரி நீளுது" என்று தானே அதைத் தட்டி ஏப்ரன் பைக்குள் திணித்துக்கொள்வார். பிறகு என் முகத்துக்கு எதிரே வந்து நிற்பார். நான் ருசி பார்ப்பேன். அவர் என் புருவத்தைப் பார்த்து உப்புப் போடுவார். சமையல் அப்படித்தான் நடந்தது. அண்டா விளிம்பைத் தட்டுவது மட்டும் அவர் வேலையாகவே இருந்தது. அதை நான் தட்டினால் கைப்பழக்கம் வரவில்லை என்பார்.

முள் இறங்கியது. இடையில் ஓரிரு வாரம் நின்றது. அப்போதும் அக்கா கலங்கவில்லை, "நிக்கட்டும். மாடிப்படி ஏறினா நாமளும் நடுவுல நின்னு மூச்சு வாங்குறதில்லையா?" என்றார். என் உடம்புதான் ஏறியது. ஸ்டோர்க்காரர் என்னையும் ஒருநாள் தராசில் நிறுத்திவிட்டு, "கவலையை விடுக்கா, சரக்கு எங்கயும் காணாமப் போகல. இந்த மூட்டைக்கு மாறியிருக்கு" என்றார். அதற்கு அக்கா சிரித்த சிரிப்பில் அடுக்கி வைத்த தட்டில் ஒன்று விழுந்தே விட்டது.

டாக்டர் சொன்ன அளவைத் தொட்ட அன்று அவர் கத்தவில்லை, குதிக்கவில்லை. தராசின் கண்ணாடியை ஏப்ரன் நுனியால் துடைத்தார். அப்புறம் ஏப்ரனைக் கழற்றி மடித்து என்னிடம் கொடுத்துவிட்டு, தம்பிக்குப் போன் போட்டார். "டேய், தேதி வாங்கு" என்றார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. ஆண்டவனுக்கு நன்றி. போன ஞாயிற்றுக்கிழமை நான் வைத்த சூப்பைப் ப்ளாஸ்க்கில் ஊற்றிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். ஜன்னலோரம் தம்பி முகமூடி போட்டு உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு பெரிய தண்ணீர் பாட்டில். என்னைப் பார்த்ததும் முகமூடியை இறக்கி, மடக் மடக்கென்று பாதியைக் குடித்துக் காட்டினார்.

"எப்படி இருக்கீங்க?" என்றேன்.

"எனக்கென்ன, ராஜா மாதிரி இருக்கேன். ஒரே ஒரு தொந்தரவு. அக்காவோடது உள்ள வந்ததுல இருந்து எதை வாயில வச்சாலும் உப்பு கம்மின்னு சொல்லத் தோணுது."

"உனக்கு உப்பே கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார், வாயை மூடு" என்று கட்டிலிலிருந்து குரல் வந்தது. பக்கத்தில் தலையணையை அணைத்துக்கொண்டு அக்கா சாய்ந்திருந்தார். சிரித்தால் தையல் வலிக்கிறது என்று தலையணையை வயிற்றில் அழுத்திக்கொண்டே சிரித்தார். கேண்டீன் கதை எல்லாம் கேட்டார். யார் கிண்ணத்தோடு திரும்பி வந்தது, ஸ்டோர்க்காரர் என்ன சொன்னார், தராசுக்கு என் வேண்டுதலில் இன்னும் இடம் உண்டா என்று கேட்டார். உண்டு என்றேன். "இருக்கட்டும். இனி உனக்குத்தான் அது வேணும்" என்றார்.

வெயில் சாயவும் நான் எழுந்தேன்.

"இரு" என்றார். ப்ளாஸ்க் மூடியில் கொஞ்சம் சூப்பை ஊற்றச் சொன்னார். மூடியின் விளிம்பை விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டினார். ஏப்ரன் பைக்குள் அத்தனை மாதம் ஒளிந்திருந்த அந்த இடது கையை நீட்டினார். நான் ஒரு சொட்டு விட்டேன். ஊதினார். நாக்கில் வைத்தார். கண்ணை மூடினார். செருப்பை மாட்ட வாசல்வரை போய்த் திரும்பிப் பார்த்தேன்.

"நல்லா இருக்கு, தங்கச்சி" என்றார். இடது புருவம் மட்டும் மெல்ல மேலே ஏறியது.