மணி கேட்கிறவன்

துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் வில்சன், கீழே நிற்கிறவன் கை காட்டாமல் எதையும் அசைக்க மாட்டார். அந்தப் பழக்கம் வீட்டுக்குள்ளும் வந்து உட்கார்ந்துவிட்டது. மகன் நோயல் சோற்றை அளைந்துவிட்டு எழுந்தபோதும், மணலியில் வேலை முடிந்து வெகு நேரம் கழித்தே திரும்பியபோதும் அவர் கேட்கவில்லை. வேண்டுமென்றால் அவனே சொல்லுவான்.

மனைவி லூர்துவுக்கு அந்தப் பொறுமை கிடையாது. "பொண்ணு விசயம்தான். வூடு நெறைய சொந்தம் கீது, இவனுக்கு வேற இன்னா கொறை? மாதா கோயில்ல சாமியாரு இவன் கல்யாண ஓலை படிக்கிற வரைக்கும் நீ இப்டியே குந்திகினு இரு."

அந்தப் பேச்சு அவரை நிலைகொள்ள விடவில்லை. மறுநாள் மாலை, மகன் வேலை முடிந்து ரயில் ஏறும் திருவொற்றியூர் ஸ்டேஷனில் மறைந்து நின்றார். நோயல் வீடு இருக்கும் ராயபுரத்துக்குப் போகும் ரயிலை விட்டுவிட்டு, கும்மிடிப்பூண்டி ரயிலில் ஏறினான். அதே பெட்டியில், கூட்டத்துக்குப் பின்னால் வில்சனும் ஏறிக்கொண்டார்.

பெண் யாரும் வரவில்லை. நோயல் பக்கத்திலிருந்தவரிடம் மணி கேட்டான். அவன் கையிலேயே வாட்ச் இருந்தது. அந்த ஆள் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எண்ணூர் தாண்டியதும் எதிரே இருந்த மீன்காரம்மாவிடம் கேட்டான்.

"கையில கட்டிகினு கீறது இன்னா, காப்பா?" என்றாள் அவள்.

நோயல் சிரித்தான். வீட்டில் அந்தச் சிரிப்பைப் பார்த்து நெடுநாளாயிற்று. மீஞ்சூரில் அவள் இறங்கிய பிறகும் அது போக இடமில்லாமல் முகத்தில் நின்று, மெல்ல வற்றியது.

பேச ஆள் தேடித்தான் இவன் மணி கேட்கிறான் என்று வில்சனுக்குப் புரிந்தது. காதலாக இருந்தால் சண்டையாவது போடலாம். இப்படியே இறங்கிவிட்டால் பார்த்தது யாருக்கும் தெரியாது. முன்னால் போய் நின்றாலோ, வெட்கத்தில் மகன் இந்த ரயிலையும் இழந்துவிடுவான். ஆனால் இவன் ஒருநாளும் கை காட்டப் போவதில்லை. அவர் போய் மீன்காரம்மா எழுந்த இடத்தில் உட்கார்ந்தார்.

"இன்னா நைனா, பின்னாலயே வந்தியா?"

"வந்தேன். உங்கம்மா பொண்ணு விசயம்ன்றா."

"ஒரு தோஸ்துகூட இல்ல. அல்லாரும் துபாய், கப்பல்னு பூட்டானுங்க."

நாங்க இல்லியா என்ற கேள்வி வில்சனின் வாய் வரை வந்தது. அதைக் கேட்டால் குற்றவாளி ஆகப்போவது இவன்தான் என்று பட, விழுங்கினார்.

"கும்மிடிப்பூண்டில துன்ன இன்னா கெடைக்கும்?"

"தெர்ல. எறங்குனதே இல்ல. இதே வண்டில திரும்பிடுவேன்."

"இன்னிக்கி எறங்கலாம்."

நோயல் வெளியே பார்த்தபடியே, "மணி இன்னா ஆவுது நைனா?" என்று கேட்டான்.