விண்கலத்தில் ஒரு நிக்காஹ்

அந்தத் தொடர் சனிக்கிழமைகளில், அசர், மஃரிப் தொழுகைகளுக்கு இடையில் ஒளிபரப்பானது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. திகதியை எழுதாமல் கிழமையோடு நிறுத்திக்கொள்கிறேன். என் கொப்பியில் எல்லாம் இருக்கிறது: எத்தனையாவது அங்கம், எத்தனை மணிக்குத் தொடங்கியது, மின்சாரம் எந்த இடத்தில் போனது, உழவு மெசினின் பற்றரியை மாட்டிப் படம் திரும்பி வர எத்தனை நிமிடம் எடுத்தது.

நான் பாலமுனையில் பிறந்தவன். கல்முனையில் கலியாணம் முடித்து, எங்கள் வழக்கப்படி மனைவியின் வீட்டுக்குக் குடிபோய் அப்போது ஆறு மாதம். மாமா என்னோடு ஹோலில் கதிரையில் இருந்து பார்ப்பார். மாமி மருமகனுக்கு முன்னால் வரமாட்டார். அறைவாசல் திரைக்கு அந்தப் பக்கம் இருந்து பார்ப்பார். என்னிடம் ஏதும் கேட்பதென்றால் மகளிடம் கேட்பார். மகள் திரைக்கு இந்தப் பக்கம் பாயில் இருப்பாள்.

தொடர் இங்கிலீசில். இரண்டு நட்சத்திரங்களைச் சேர்ந்தவர்களுக்கிடையே போர். அந்த வீட்டில் இங்கிலீசு தெரிந்தவன் நான் ஒருவன்தான். ஆகவே நான் சொல்லச் சொல்லத்தான் கதை நகரும். வீட்டுக்கு வரும் இங்கிலீசுக் கடிதங்களையும் நான்தான் வாசித்தேன். மாமாவுக்கு வரிப்பத்தான்சேனையில் வயல். அந்தப் பெரும்போக விதைப்புக்குச் சற்று முன்னர் நீர்ப்பாசனத் திணைக்களத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. வாய்க்காலை அகலப்படுத்தப் போவதால் வயலின் கிழக்குத் துண்டில் விதைக்க வேண்டாம் என்று அதில் இருந்தது. நான் வாசித்துச் சொன்னேன். மாமா அந்தத் துண்டைத் தரிசாக விட்டார்.

என் பிழை முதலாம் அங்கத்திலேயே நடந்தது. விண்கப்பலின் தலைவனும் அதை ஓட்டும் பெண்ணும் ஒரே அறையிலிருந்து வெளியே வந்தார்கள்.

"இது ஆரு மருமகன்?" என்று கேட்டார் மாமா.

கலியாணம் முடிக்காமல் ஒன்றாக இருக்கிறார்கள் என்பதை ஆறு மாத மருமகன் மாமனாரிடம் எந்த வாயால் சொல்வது? "பொஞ்சாதி மாமா" என்றேன். திரைக்குப் பின்னால் மாமி, "வடிவான சோடி" என்றார். அதற்குப் பிறகு எட்டு வாரம் அவர்களைப் புருஷன் பெண்சாதியாகவே நான் நடத்திச் சென்றேன். சண்டை பிடித்தார்கள், சமாதானமானார்கள். எல்லாவற்றையும் குடும்பத்துக்குள் அடக்கினேன்.

ஒன்பதாம் அங்கத்தில் பெரிய போருக்கு முன் கப்பலில் கலியாணம். மணமகள் அதே பெண். மாப்பிள்ளை வேறு கப்பலின் வைத்தியர். தலைவன் முன்னால் நின்று, அவளுடைய கையைப் பிடித்து வைத்தியரின் கையில் வைத்தான்.

மாமா கதிரையின் நுனிக்கு வந்துவிட்டார். "இஞ்ச பாருங்க! புருஷனே பொஞ்சாதியக் கையப் புடிச்சி அடுத்தவனிட்டக் குடுக்கான்!"

மனைவி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். அவளுக்கு விளங்கிவிட்டது.

"மகள், மருமகனிட்டக் கேளுங்க, தலாக் செல்லிட்டானாமா?" என்றது திரை.

"ஓம், செல்லிட்டான்" என்றேன்.

"எப்ப?" என்றார் மாமா. "ஒரு கிழமையும் உடாமத்தானே நானும் பாக்கன்."

"காட்டல்ல மாமா. இடையில நடந்திரிக்கி."

"சரி, அப்ப இத்தா? கொப்பிய எடுங்க."

என் கொப்பியில் மாமாவுக்கு மரியாதை அதிகம். பசு கன்று போட்ட நாளைக்கூட என்னிடம்தான் கேட்பார். எடுத்துப் பார்த்தேன். இருவரும் ஒரே அறையில் கடைசியாக இருந்தது ஆறாம் அங்கத்தில்.

"மூண்டு கிழமை" என்றார் மாமா. "தலாக் செல்லி மூண்டு மாசம் இத்தா இரிக்கணும். அதுக்குள்ள எந்த லெவ்வை நிக்காஹ் எழுதின?"

"வானத்தில காலம் வேற மாதிரி ஓடும் மாமா. இஞ்ச மூண்டு கிழமையெண்டா அங்க…"

"மகள், கேளுங்க, அவள்ட வகுத்துல புள்ள இரிந்தா ஆருட புள்ளயாம்?"

விஞ்ஞானத்தால் தப்பலாம் என்று நினைத்தேன். திரைக்குப் பின்னால் இருந்தவர் விடவில்லை. வேறு வழியில்லை.

"அவங்க கலியாணம் முடிக்கவே இல்ல மாமா. வெக்கத்தில நான்தான் அப்பிடிச் சென்ன."

மாமா சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் எழுந்து போய்த் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார்.

"வாய்க்கால் காயிதத்தையும் இப்பிடித்தான் வாசிச்சீங்களா?"

"இல்ல மாமா."

"அந்தத் துண்ட விதைக்காம உட்ட உங்கட வாய நம்பித்தான் மருமகன்."

அலுமாரியிலிருந்து கடிதத்தைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். நான் முதல் வரியிலிருந்து தொடங்கினேன். ஒவ்வொரு வசனத்தையும் முதலில் இங்கிலீசில், பிறகு தமிழில். என் சொந்தச் சோடனை ஏதும் சேர்க்கவில்லை. ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் இருந்தால் இரண்டையும் சொன்னேன். முடிந்ததும் மாமா அதை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். மஃரிபுக்குப் பாங்கு கேட்டது. பள்ளிவாசலுக்கு இருவரும் ஒன்றாகத்தான் நடந்தோம்.

மறுநாள் காலை அவர் அந்தக் கடிதத்தோடு இங்கிலீசு தெரிந்த, ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவரிடம் போனதை மனைவி சொல்லி அறிந்தேன். அவளுக்குத்தான் கண் கலங்கியது. எனக்குக் கோபம் வரவில்லை. ஒரு சாட்சி ஓரிடத்தில் பொய் சொன்னானென்று தெரிந்தால் மற்ற இடங்களையும் திருப்பிப் பார்க்கத்தானே வேண்டும்? நானும் அதையே செய்வேன். கடிதத்தை நான் சரியாக வாசித்திருந்தேன் என்பதில் எனக்கு மயிரிழை சந்தேகமும் இல்லை.

பகல் சாப்பாட்டுக்கு மாமா வந்தார். ஒன்றாக உண்ணும் சஹன் தட்டில் எனக்கு எதிரே அமர்ந்தார். மீனின் நடுத்துண்டை என் பக்கம் தள்ளினார்.

"சரியாத்தான் வாசிச்சிரிக்கீங்க. ஆனா படத்தையும் இனிக் காயிதம் போல வாசிக்கணும். வெக்கமான இடம் வந்தா செல்லுங்க, நான் வெளிய பாக்கன்."

"சரி மாமா."

அடுத்த சனிக்கிழமை அப்படியே செய்தேன். ஓர் இடத்தில் "முத்தம் குடுக்காங்க" என்றேன். மாமா யன்னலைப் பார்த்தார். திரை அசையவில்லை, மாமி பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பிறகு தொலைக்காட்சியில் உடைந்த கப்பல்கள் மிதந்தன.

"போர் முடிஞ்சிட்டா? ஆரு வெண்ட?"

முந்திய வாரம், போர் நடந்த அந்தக் கடைசிக் கால் மணி நேரமும் நான் குனிந்து கடிதம் வாசித்துக்கொண்டிருந்தேன். முன்பென்றால் நல்லதொரு வெற்றியை உடனே உண்டாக்கிக் கொடுத்திருப்பேன்.

"தெரியாது மாமா. நான் பாக்கல்ல."

மாமா என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, "மகள், மருமகனுக்குத் தேத்தண்ணி கொண்டாங்க" என்றார்.