இரண்டு சீட்டுக்கும் ஆமென் சொன்ன நாள்

ஒரு பொய்க்குக் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டு உங்களில் யாராவது சோறு தின்றிருக்கிறீர்களா? நான் எட்டு நாள் தின்றேன். தொண்டைக்குள் இறங்கவில்லை என்று சொன்னால் அதுவும் பொய். நன்றாகவே இறங்கியது. அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

என் பெயர் கிரேஸ். ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் துணி கம்பெனியில் ஒன்பது வருஷம் செக்கிங் வேலை பார்த்தேன். முத்துராஜ் அண்ணன் பெரிய துணிச்சுருளை மெஷினில் கொடுத்துச் சின்னச் சின்ன ரோலாக நறுக்குவார். எதிர் மேஜையில் நின்று கறை இருக்கிறதா, நூல் பிரிந்திருக்கிறதா என்று நான் பார்ப்பேன். பிளேடுக்கு மேலே ஓர் இரும்பு மூடி உண்டு. அது இருந்தால் கை உள்ளே போகாது. வேலை கொஞ்சம் மெதுவாகப் போகும், அவ்வளவுதான்.

போன வருஷம் ஆடி மாதம் ஆர்டர் நெருக்கியது. ஒரு திங்கட்கிழமை காலையில் சூப்பர்வைசர் அந்த மூடியைக் கழற்றச் சொன்னார்.

"வேண்டாம்ணே, கை போயிரும்" என்றார் முத்துராஜ் அண்ணன்.

"இம்புட்டு வருசமா வெட்டுத, உனக்கு எதுக்குடே மூடி? புதுசா வந்தவனா நீ?" என்று சூப்பர்வைசர் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

புதன்கிழமை அண்ணனுடைய வலது கையில் இரண்டு விரல் போயிற்று. நாங்கள் நறுக்கி வைத்திருந்த துணியாலேயே அவர் கையைச் சுற்றினோம். சுற்றச் சுற்ற நனைந்துகொண்டே இருந்தது.

வெள்ளிக்கிழமை கம்பெனி ஆபீஸிலிருந்து ஒரு காகிதம் வந்தது. மூடி போட்டுத்தான் இருந்தது, அவர் செல்போனில் பேசிக்கொண்டே கையை உள்ளே விட்டார் என்று அதில் எழுதியிருந்தது. அந்தப் பக்கம் வேலை செய்த ஐந்து பேரும் கையெழுத்துப் போட வேண்டும். நான் மூன்றாவது ஆள். பேனா எழுதவில்லை. அங்கேயே விட்டுவிட்டு வந்திருக்கலாம். வேறு பேனா கேட்டு வாங்கிப் போட்டேன்.

என் முகத்தைப் பார்த்து சூப்பர்வைசர் சொன்னார். "ஏட்டி கிரேஸு, மனுசன்னா மொதல்ல தன் வயித்தத்தான் பாப்பான். அது குத்தமில்ல. ஆண்டவரே அப்படித்தான் படைச்சிருக்காரு."

எனக்குப் பழமொழி என்றால் உயிர். எதற்கெடுத்தாலும் ஒன்று சொல்வேன். அந்த எட்டு நாளில் ஒன்று தெரிந்துகொண்டேன், தப்புக்கும் பழமொழி கிடைக்கும். ஊரோடு ஒத்து வாழ். தனக்கு மிஞ்சித்தான் தானம். அடுத்த வீட்டுச் செடியில் கறிவேப்பிலை பறிப்பதுபோல வேண்டியதை வேண்டியபோது பறித்துக்கொண்டேன்.

அடுத்த வாரம் இன்னொரு செய்தி வந்தது. வருகிற செவ்வாய்க்கிழமை விசாரணைக்கு ஓர் அரசாங்க அதிகாரி வருகிறார், ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டுக் கேட்பார். உண்மையைச் சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால், தன் கையைத் தானே கெடுத்துக்கொண்டவன் என்ற பெயர் முத்துராஜ் அண்ணனுக்குக் காலத்துக்கும் நிற்கும். நான் என்ன செய்தேன் தெரியுமா? இந்தச் சிக்கலிலிருந்து என்னை மட்டும் எடுத்துவிடச் சொல்லி ஆண்டவரிடம் கேட்கப் போனேன்.

எங்கள் சபையில் ஜெபக் குறிப்பு எழுதினால் எழுத்தைப் பார்த்தே இன்னார் என்று சொல்லிவிடுவார்கள். அதனால் சனிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறினேன். அங்கே ஒரு சின்ன ஜெப வீட்டில் பகலில் பெண்கள் உபவாச ஜெபம் நடக்கும். என்னை அங்கே ஒருவருக்கும் தெரியாது. பெயர் போடாமல் சீட்டு எழுதிப் பெட்டியில் போட்டால், பாஸ்டரம்மா ஒவ்வொன்றாக வாசிப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் எல்லோரும் ஆமென் சொல்ல வேண்டும். அதுதான் அங்கே வழக்கம்.

என் சீட்டை வாசித்தார்கள். "வேலை செய்கிற இடத்தில் ஒரு பிரச்சினை. அதில் நான் வாய் திறக்க வேண்டிய நிலை வராதபடி ஆண்டவர் காக்க வேண்டும்." எல்லோரும் ஆமென் சொன்னார்கள். எனக்கு முன்னால் முக்காடு போட்டு உட்கார்ந்திருந்த ஒரு பெண் எல்லோரையும்விடச் சத்தமாகச் சொன்னாள். யார் பெற்ற பிள்ளையோ, எனக்காக இப்படி உருகுகிறாளே என்று கண் கலங்கியது.

இரண்டு சீட்டு தள்ளி இன்னொன்று. "என் கணவருடைய கை மெஷினில் போய்விட்டது. பழியும் அவர் மேலேயே வந்திருக்கிறது. பார்த்தவர்கள் வாய் திறக்க ஜெபிக்கவும்."

என் வாய் பழக்கத்தில் ஆமென் என்று சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. முன்னால் இருந்தவள் தோள் குலுங்க அழுதாள். முக்காடு நழுவியது. முத்துராஜ் அண்ணன் மனைவி செல்வராணி அக்கா.

அவர்களும் ஊரார் பார்வைக்குப் பயந்துதான் அங்கே வந்திருந்தார்கள். ஜெபம் முடிந்து கஞ்சி ஊற்றும்போது என்னைப் பார்த்துவிட்டு, தன் தம்ளரை என் கையில் கொடுத்தார்கள்.

"ஏட்டி, நீயும் இங்கதான் வாரியா? உனக்கென்ன கஷ்டம்? சொல்லு, நானும் ஜெபிக்கேன்."

"ஏற்கெனவே ஜெபிச்சிட்டீயக்கா. அந்த வேலை எடத்துச் சீட்டு என்னுது."

அக்கா மெதுவாகக் கேட்டார்கள். "அப்ப, எங்க வீட்டுக்காரருக்கு எதிரால்ல நான் ஆமென் சொல்லிருக்கேன்?"

"ஆமாக்கா."

"நீ என் சீட்டுக்குச் சொன்னியா?"

"சொன்னேன்."

"அப்ப ரெண்டுல எதைக் கேக்கணும் ஆண்டவரு? நீயே சொல்லு."

திட்டவில்லை. திட்டியிருந்தால் தப்பித்திருப்பேன். கஞ்சியைக் குடிக்கச் சொல்லிவிட்டு அவர்கள் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார்கள்.

வீட்டுக்கு வந்து முழங்கால் போட்டேன். "ஆண்டவரே, என் சீட்டைக் கிழிச்சுப் போட்டிரும். அக்கா சீட்டை எடுத்துக்கும்." அன்றைக்கு நான் பண்ணிய ஜெபம் அவ்வளவுதான்.

ஆலங்குளத்துக்கு லோடு வண்டி ஓட்டும் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "எல்லாரும் போட்ட கையெழுத்துதான, உனக்கு மட்டும் என்ன நோவுது?" என்று கத்தினார். சாப்பிடாமல் எழுந்து போனார். திரும்பி வந்து, "சரி, சொல்லு. வண்டி ஓடுதுல்லா, பாத்துக்கிடலாம்" என்றார்.

செவ்வாய்க்கிழமை அதிகாரி காகிதத்தை நீட்டினார். "இது உங்க கையெழுத்துதானம்மா?"

"கையெழுத்து என்னுது சார். எழுதியிருக்கது பொய்."

நடந்ததைத் திங்கட்கிழமையிலிருந்து சொன்னேன். நான் சிரித்ததையும் சொன்னேன். வெளியே வந்தபோது சூப்பர்வைசர் வாசலில் நின்றார். "பெரிய யோக்கியக்காரி. உன்னைய எந்த ஆண்டவரு வந்து காப்பாத்துதாருன்னு பாப்போம்" என்றார். "பாருங்கண்ணே" என்றேன். அடுத்து உள்ளே போன பாத்திமாவும், தான் போட்டது பொய்க் கையெழுத்து என்று சொல்லிவிட்டாள். மற்ற மூவரும் சொல்லவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

முத்துராஜ் அண்ணன் மேல் போட்ட பழி நீங்கியது. மெஷினில் மூடி ஏறியது. ஒரு மாதத்தில் என்னை வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். இப்போது நைட்டி தைக்கிறேன்.

ஆண்டவர் செய்ததைச் சபை முன்னால் சாட்சியாகச் சொல்லப் போகிறேன் என்றதும், "வேலை போனது ஒரு சாட்சியா?" என்று சபையிலேயே சிலர் கேட்டார்கள். ஆமாம், சாட்சிதான். நான் கேட்டதற்கு ஆண்டவர் முடியாது என்றார். செல்வராணி அக்கா கேட்டதற்குச் சரி என்றார். இரண்டு பதிலையும் என் வாயில் வைத்தே கொடுத்தார். இரண்டுக்கும் நன்றி சொல்லத்தான் இங்கே நிற்கிறேன்.

மனுஷன் என்றால் அப்படித்தான் என்று இனி யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம். பயந்து பொய் சொல்கிறவனும் மனுஷன்தான், பயந்துகொண்டே உண்மையைச் சொல்கிறவனும் மனுஷன்தான். இரண்டாவது ஆளையும் அதே கைதான் படைத்தது. படைத்தவர் பேரைச் சொல்லும்போது அவனை மட்டும் ஏன் விட்டுவிடுகிறீர்கள்?

உங்களில் ஒருவர் எதையோ பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு இருக்கலாம். தைரியம் வரட்டும், பிறகு போகலாம் என்று காத்திருக்காதீர்கள். எனக்கு அது வரவே இல்லை. அந்த அறைக்குள் நுழையும்போது என் கால் நடுங்கியது, நாக்கு ஒட்டிக்கொண்டது. ஆண்டவர் நடுக்கத்தை எடுத்துப்போடவில்லை. கூட வந்தார். உங்களோடும் வருவார். நடுங்கிக்கொண்டே போங்கள்.