தென்னையடியில் கிடந்த முடியுருண்டை

முத்தியால்பேட்டை வீட்டுத் தோட்டத்தில் அம்மா மரவள்ளி போடுவாள், எலிகள் அறுவடை செய்யும். கிழங்கு பருக்கும் முன்பே மண்ணுக்குள் காணாமல் போய்விடும். அப்பா ஒரு எலிக்கூண்டு வாங்கி, பொரித்த நெத்திலிக் கருவாட்டைக் கொக்கியில் மாட்டி வைத்தார். கருவாடு காய்ந்ததே தவிர ஒன்றும் சிக்கவில்லை. ஆனாலும் நான் இரண்டாவது படித்த அந்த வருடம் எலித்தொல்லை திடீரென்று குறைந்தது. "கூண்டப் பாத்தே ஓடிடுச்சிங்க" என்று அப்பா தெருவெல்லாம் பெருமையடித்துக்கொண்டார்.

அந்தச் சமயத்தில்தான் தென்னை மரத்தடியில் கறுப்பு உருண்டைகள் கிடக்கத் தொடங்கின. அம்மா ஒன்றைக் குச்சியால் பிரித்தாள். உள்ளே முடி, எலும்பு, பல்லோடு ஒரு சின்ன மண்டையோடு! நான் போட்ட கூச்சலில் அக்கம்பக்கமே கூடிவிட்டது.

யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று கூட்டத்தில் ஒருத்தி தீர்ப்புச் சொன்னாள். யார் என்று அம்மா யோசிக்கவே இல்லை. பின்கட்டில் சித்தப்பாவும் சித்தியும் குடியிருந்தார்கள். சித்திக்குக் குழந்தை இல்லை. தினமும் அந்தத் தென்னையடியில் உட்கார்ந்துதான் எனக்குத் தலைவாரிப் பின்னிவிடுவாள். போதாதா?

"எம் பொண்ணு முடிய எடுத்து இன்னாடி பண்ணி வச்சிருக்க?"

சித்தி அப்படியே விக்கித்து நின்றாள். "அக்கா, அத எம் பொண்ணாட்டம் பாத்துக்கறேன். நான் போயி அதுக்குச் செய்வேனாக்கா?"

அந்த வாரமே சித்தப்பா ரெட்டியார்பாளையத்தில் வாடகைக்கு வீடு பார்த்துவிட்டார். சாமான் ஏற்றிய வண்டியில் உட்கார்ந்த சித்தி என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்குத் தாங்க முடியாத கோபம் வந்தது.

மறுநாள் காலையில் அம்மா தென்னையடியைக் கூட்டி, மஞ்சள் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். தொப்பென்று அவள் காலடியில் ஒன்று விழுந்தது. அதே முடியுருண்டை, ஈரம்கூடக் காயாமல். அவளும் பக்கத்தில் நின்ற நானும் திடுக்கிட்டு அண்ணாந்து பார்த்தோம். மட்டைகளுக்கு நடுவே வெள்ளை முகத்தோடு ஒரு ஆந்தை, கக்கிய வாயை மெல்ல மூடிக்கொண்டிருந்தது. எலிகளைத் தின்றுவிட்டு, செரிக்காத முடியையும் எலும்பையும் அதுதான் இத்தனை நாளும் துப்பிக்கொண்டிருந்தது.

அம்மா முகம் வெளுத்துப் போய்விட்டது. உருண்டையை முறத்தில் அள்ளி மரவள்ளிப் பாத்தியில் புதைத்தாள்.

"யாருகிட்டயும் சொல்லாத. அப்பாகிட்டயும் சொல்லாத."

ஆந்தை முகத்தில் விழித்தால் வீட்டுக்கு ஆகாது, அதற்குத்தான் பயப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது. "சித்தியக் கூப்புடும்மா, தல பின்னணும்" என்று பழக்க தோஷத்தில் சொல்லிவிட்டேன்.

அம்மா சீப்பை எடுத்துவந்து என் பின்னால் உட்கார்ந்தாள். வகிடு கோணலாகவே வந்தது, பின்னியதை அவிழ்த்து அவிழ்த்து மறுபடியும் பின்னினாள். சித்தி மாதிரி வாரத் தெரியவில்லையே என்று சிடுசிடுத்தேன்.