பத்துக்கு ஒன்பது வாங்கிய தெரு

என் மனைவிக்கு மூச்சுத்திணறல் உண்டு. மணலித் தொழிற்சாலைகள் பக்கமிருந்து மேல்காற்று அடிக்கிற நாட்களில் அதிகமாகும். கடல்காற்று வந்தால் கொஞ்சம் அடங்கும். மருந்தை ஆவியாக்கிக் கொடுக்கிற சின்னக் கருவி ஒன்று வீட்டில் வைத்திருக்கிறோம். அது போதாத நாட்களும் வரும். அப்போது ஊசி வேண்டும், ஆக்ஸிஜன் வேண்டும், பக்கத்தில் ஒரு டாக்டர் வேண்டும். அதற்குத் திருவொற்றியூரிலிருந்து, கன்டெய்னர் லாரிகளின் வரிசைக்கு ஓரமாக நெளிந்து நெளிந்து, ராயபுரம் தாண்டிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும். எதிர்வீட்டு ஆட்டோக்காரன்தான் கூட்டிப்போவான். நான் நிற்கிற லாரிகளை எண்ணிக்கொண்டே போவேன். அவள் முகத்தைப் பார்க்காமல் இருக்க எனக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

எண்ணுவது என் தொழிலாக இருந்தது. துறைமுகத்தில் டாலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்குகிற மூட்டைகளை எண்ணிக் குறிப்பவன். எத்தனை டன் இறங்கியது என்று வருடா வருடம் பெருமையாக அறிவிப்பார்கள். அதில் நான் எண்ணியதும் அடக்கம். அந்தச் சரக்கை இழுத்துப்போகிற லாரி யார் வீட்டு ஜன்னலுக்குள் புகையைத் தள்ளிவிட்டுப் போனது என்பதை மட்டும் எவரும் எண்ணி நான் பார்த்ததில்லை.

ஆகவே ஒருநாள் காலை கழுத்தில் அடையாள அட்டையும் கையில் டேப்லெட்டுமாக ஒரு பெண் வந்து, "ஒரு ஏரியா முன்னேறிடுச்சான்னு வருமானத்த மட்டும் வச்சுப் பாக்கக்கூடாது சார். அங்க இருக்கறவங்க நல்லா இருக்காங்களா, எல்லாரையும் சேத்துக்கறாங்களா, அதையும் அளக்கணும்" என்று சொன்னபோது, இதைத்தானே இத்தனை வருடம் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று அவளை உட்காரவைத்துக் காப்பி கொடுத்தேன். ஏதோ ஓர் அமைப்பின் வேலை அது. தெருத்தெருவாகப் போய், ஒவ்வொரு வீட்டிலும் பெரியவர்களிடம் தனித்தனியாகக் கேள்வி கேட்டு, பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் வாங்குவார்கள். சுவாசத்தில் குறைந்த மதிப்பெண் வாங்கும் பகுதிக்கு ஒரு மூச்சுச் சிகிச்சை மையம் வரும். தினமும் டாக்டர், ஆக்ஸிஜன், எல்லாம். இதை அவள் ஒளிக்கவில்லை. வெளிப்படையாகவே சொன்னாள்.

எங்கள் தெருவுக்குத்தான் அது வரும் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. எங்கள் தெருவில் நாற்பத்தொரு வீடுகள். அதில் இருமல் இல்லாத வீடு இரண்டு, அந்த இரண்டும் பூட்டிக்கிடப்பவை.

என் முறை வந்தபோது சரியாக யோசித்துப் பதில் சொன்னேன். தண்ணீர், ஆறு. தூக்கம், நாலு. மூச்சு, இரண்டு. "இந்தத் தெருவில் எடுக்கிற முடிவுகளில் உங்களுக்கும் பங்கு உண்டா?" என்று ஒரு கேள்வி. அதற்குப் பத்து போட்டேன். சாக்கடை அடைப்புக்கு மனு எழுதுவது நான். கோயில் திருவிழா, மாதா கோயில் தேர், இரண்டுக்கும் வரவுசெலவு பார்ப்பது நான். பத்து போடாமல் வேறென்ன போடுவது? என் மனைவியிடம் உள்ளே தனியாகக் கேட்டார்கள். நான் காதைக் கொடுக்கவில்லை. துறைமுகப் பழக்கம் அது. அடுத்தவன் எண்ணுவதை எட்டிப் பார்க்கக் கூடாது.

சில மாதங்கள் கழித்து, விம்கோ நகர்ப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் முடிவு சொன்னார்கள். எங்கள் தெருவே போயிருந்தது. நான் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் தெருவின் பெயரைச் சொல்லி, நல்வாழ்வில் முதலிடம் என்று ஒரு கேடயமும் ஆளுக்கொரு வேப்பங்கன்றும் கொடுத்தார்கள். ஆட்டோக்காரன் மேடையேறிக் கேடயத்தை வாங்கினான். எல்லாரும் கைதட்டினார்கள். மூச்சு மையம் ரயில் பாதைக்கு அந்தப்பக்கம் உள்ள ஒரு பகுதிக்குப் போய்விட்டது. அங்கிருந்து எங்கள் தெருவுக்கு வர மேம்பாலத்தைச் சுற்ற வேண்டும். சாயங்காலங்களில் அந்த மேம்பாலத்தில் லாரிகள் அசைவதில்லை.

ஏதோ தவறு நடந்திருக்கிறது, எண்களை மாற்றிப் போட்டுவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். திரையில் ஒரு படம் காட்டினார்கள். ஒவ்வொரு ஆளும் ஒரு புள்ளி. மூச்சு என்ற கேள்விக்கு எங்கள் தெருவின் புள்ளிகள் எல்லாம் ஒன்பதின் மேல் ஈ மொய்த்தது போல உட்கார்ந்திருந்தன. கீழே, இரண்டில், ஒரே ஒரு புள்ளி.

அதைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. துறைமுகத்தில் ஒரே சரக்கைக் கப்பல் பக்கம் ஒருவரும் கரைப் பக்கம் ஒருவரும் எண்ணுவோம். ஷிப்ட் முடிவில் இரண்டையும் ஒப்பிடுவார்கள். இரண்டு மூன்று மூட்டை வித்தியாசம் வரும். வரத்தான் வேண்டும், மனிதக் கண்தானே. ஒரு மூட்டைகூடப் பிசகாமல் ஒத்துப்போனால் எங்கள் சூப்பர்வைசர் மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டு, "இன்னா, ரெண்டு பேரும் ஒரே கடைல டீ குடிச்சீங்களா?" என்பார். இங்கே தெருவே ஒரே கடையில் டீ குடித்திருக்கிறது. என்னைக் கூப்பிடாமல்.

கூட்டம் கலைந்ததும் அந்தப் பெண்ணிடம் போனேன். கீழே தனியாக நிற்கிற புள்ளி நான்தான் என்றேன்.

"அது சராசரில சேரல சார்" என்றாள் தயங்கி. "மத்தவங்ககிட்டருந்து ரொம்பத் தள்ளி ஒரு நம்பர் தனியா நின்னா, கேள்விய தப்பாப் புரிஞ்சுக்கிட்டாங்கன்னு எடுத்துவச்சுருவோம். அதுதான் முறை."

எல்லாரையும் சேர்த்துக்கொள்கிறார்களா என்று அளக்க வந்தவர்கள் என்னை எடுத்து வெளியே வைத்துவிட்டார்கள். அவள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. முறை என்றால் முறைதான்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் கேட்டேன்.

"மூச்சுக்கு எவ்ளோ போட்ட?"

வேப்பங்கன்றைச் சுவரோரமாக வைத்தாள். "ஒம்போது."

"ஒம்போதா?"

"எல்லாரும் ஒம்போதுன்னு பேசி முடிவு பண்ணாங்க. பத்து போட்டா சந்தேகப்படுவாங்களாம்."

எங்கே பேசினார்கள் என்றேன். அன்பியத்தில் என்றாள். எங்கள் பங்குக் கோயிலில் தெருவாரியாகக் குடும்பங்களைச் சேர்த்து, மாதம் ஒரு வீட்டில் கூடி ஜெபம் சொல்வார்கள், அதுதான் அன்பியம். கொசு கடிக்கிறது என்று நான் போவதில்லை. அந்த மாதம் ஜெபம் முடிந்து சுண்டல் கொடுத்தபிறகு ஆட்டோக்காரன் எழுந்து பேச்சை ஆரம்பித்திருக்கிறான். அன்பியத்துக்கு வராத இந்து வீடுகளுக்கும் அவனே நேரில் போய்ச் சொல்லியிருக்கிறான். பத்தொன்பது வீடு. ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்கியவன் என் வாசலில் மட்டும் ஏறவில்லை. அவன் வீட்டுப் படியிலிருந்து என் படி எட்டடி.

அன்றைக்கே அவனிடம் போனேன். ஆட்டோவைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"அவளைத் தூக்கிப் போட்டுகிட்டு ஓடினது நீ. அவ எப்படி இழுப்பான்னு என்னைவிட உனக்கு நல்லாத் தெரியும். நீயே இதைச் செய்வியா?"

"இன்னா நைனா நீ" என்றான், துணியைப் பிழிந்தபடி. "பின்னால சந்து இன்னா ஆச்சுன்னு பாத்தல்ல?"

பார்த்தேன். எங்களுக்குப் பின்னால் ஒரு சந்து இருந்தது, பதினேழு வீடு. இப்படித்தான் யாரோ வந்து தண்ணீர் எப்படி, கழிவறை எப்படி என்று கேட்டுப் போனார்கள். எல்லாரும் உள்ளதைச் சொன்னார்கள், மோசம், மோசம் என்று. பிறகு கதவுகளில் சுண்ணாம்பால் எண் விழுந்தது. மனிதர் வாழத் தகுதியில்லாத இடம் என்று சொல்லி, சாமான்களோடு லாரியில் ஏற்றி, ஊருக்குத் தெற்கே வெகுதூரத்தில் ஓர் அடுக்குமாடியில் கொண்டுபோய் விட்டார்கள். அங்கே போன ஒரு மீன்காரம்மா விடியலில் காசிமேட்டுக்கு வந்துசேர முடியாமல் வியாபாரத்தையே விட்டுவிட்டாள்.

"இவங்க வேற ஆளுங்க. மூச்சு மையம் வைக்கத்தான் கேட்டாங்க. நான் விசாரிச்சேன்."

"அவங்களும் அப்டிதான் சொன்னாங்கோ. நல்லது பண்றோம்னுதான் எவனும் வரான். கெட்டது பண்றேன்னு வந்தவன் எவன் கீறான், சொல்லு."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்ல?"

"சொன்னா நீ இன்னா பண்ணுவ? நேரா அந்தப் பொண்ணாண்ட போயி, இந்தமாரி பேசிக்கிறாங்களே, மெய்தானாம்மான்னு கேப்ப."

கேட்டிருப்பேன். அதில் என்ன தப்பு?

அவன் குரலைத் தணித்துக்கொண்டான். "உனக்கு பட்டா கீது. பென்சன் கீது. உன்ன எவனும் தூக்க மாட்டான். எனக்கு இன்னா கீது? ஸ்டேண்டு இங்க, பொண்ணு இஸ்கூலு இங்க. உன் வூட்டம்மாவுக்கு இன்னா, நான் கீறேன், வண்டி கீது. என்னியும் தூக்கினு போய்ட்டா ராத்திரில யார கூப்டுவ?"

"உன் வண்டியில ஆக்ஸிஜன் இருக்கா?" என்றேன்.

அவன் முன்சக்கரத்துக்கு ஒரு வாளித் தண்ணீரை அடித்தான். என் வேட்டி நனைந்தது. வேண்டுமென்றே அடித்தானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அவன் சொன்னதை மனைவியிடம் சொன்னேன். பட்டா இருக்கிற நமக்கென்ன பயம், நீயாவது உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்றேன். அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"எல்லாரையும் தூக்கினு போய்ட்டா நான் யாரோட இருக்கறது? உங்க பட்டாவோடயா?"

"மூச்சு முட்டினாத் தெரியும்."

"முட்டும்போது எனக்குத்தான முட்டுது? உங்களுக்கா முட்டுது?"

நாற்பத்தாறு வருடம் ஒரே கூரையின் கீழ் இருந்திருக்கிறோம். அவள் இருமுவதை இரவில் படுத்தபடி எண்ணியிருக்கிறேன், டாக்டரிடம் சரியாகச் சொல்ல வேண்டுமே என்று. அந்த எண்ணிக்கை அவளுக்கு எவ்வளவு பாரமாக இருந்தது என்பதை அன்றைக்குத்தான் அவள் குரலில் கேட்டேன். கேட்டும் எனக்கு இரக்கம் வரவில்லை. அவளுக்குத் தெருதான் முதல், நான் இரண்டாவது ஆள் என்பது மட்டும்தான் மனதில் நின்றது. அந்த வாரம் முழுக்க அவளோடு பேசவில்லை. அவனோடு மாதக்கணக்கில் பேசவில்லை. ஆனாலும் மேல்காற்று அடித்த இரண்டு நாட்களிலும் அவன் கூப்பிடாமலே வண்டியை எடுத்துக்கொண்டு வந்து நின்றான். நானும் ஏறி உட்கார்ந்தேன். வேறு என்ன செய்ய முடியும்?

இந்த வருடம் அந்தப் பெண் மறுபடி வருகிறாள் என்று தெரிந்தது. மார்க் ஏறியிருக்கிறதா, இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பார்களாம். குறைந்தால் இன்னொரு மையத்துக்கு வாய்ப்பு உண்டாம். முந்தின சாயங்காலம் ஆட்டோக்காரன் என் படியேறினான். கையில் வாழைப்பழச் சீப்பு.

"இந்தவாட்டி உன்னாண்ட சொல்லிட்டுதான் நைனா எல்லாம். நீயும் ஒம்போதுன்னு சொல்லிரு. ஒத்துமையா கீறோம்னு தெரியட்டும்."

"இப்ப நான் தெருவுல சேர்த்தியா?"

"எப்பவும் சேர்த்திதான். நீதான் ஒதுங்கி ஒதுங்கி நிக்கிற."

பழத்தை வாங்கிவைத்தேன். சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை.

மறுநாள் அந்தப் பெண் என் எதிரில் உட்கார்ந்து டேப்லெட்டைத் திறந்தாள். எதிர்வீட்டு வாசலில், ஏற்கனவே பளபளவென்றிருந்த ஆட்டோக் கண்ணாடியை அவன் துடைத்துக்கொண்டிருந்தான். தண்ணீர், தூக்கம் எல்லாம் முடிந்தது. மூச்சுக்கு எத்தனை சார் என்றாள்.

"ரெண்டு" என்றேன், அவனுக்கும் கேட்கும்படி.

அவள் தட்டிக்கொண்டிருக்கும்போதே சமையலறையிலிருந்து இருமல் வந்தது. முதலில் அடக்கிப் பார்த்த இருமல், பிறகு அடக்க முடியாத இருமல். பெண் தலையைத் தூக்கினாள்.

"மொளகா தாளிக்கிறேம்மா, நெடி" என்று உள்ளிருந்து என் மனைவியின் குரல் வந்தது, இரண்டு இழுப்புகளுக்கு நடுவில்.

அடுப்பு பற்றவைக்கவே இல்லை. பெண் மூக்கை லேசாக உறிஞ்சினாள்.

"எனக்கு ஒண்ணும் நெடி வரலையே சார்?"

ஒரு வார்த்தை சொன்னால் போதும். எழுந்து உள்ளே போய்ப் பாரம்மா என்று சொன்னால் போதும். அவள் பார்த்திருப்பாள், எழுதியிருப்பாள். நான் வாயைத் திறந்தேன்.

"உனக்கு ஜலதோஷம்மா" என்றேன்.

என் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சொம்பில் தண்ணீரோடு வெளியே வந்தாள். என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. பெண்ணின் பக்கத்தில் குனிந்து டேப்லெட்டை எட்டிப் பார்த்தாள்.

"இவரு இன்னா போட்டாரு, ரெண்டா? இவரு எதுக்குமே கொறச்சுதாம்மா போடுவாரு. கல்யாண சாப்பாட்டுக்கே அஞ்சுதான் போட்டவரு. நீ ஒண்ணும் மனசுல வச்சுக்காத."

பெண் சிரித்துவிட்டாள். எதிரே அவனும் துணியோடு நின்று சிரித்தான். நான் சொன்ன இரண்டை அவள் மாற்றவில்லை. அடுத்த கேள்விக்குப் போனாள்.

"அம்மா, இப்ப உங்களுக்கு. மூச்சுக்கு எத்தன?"

என் மனைவி சுவரைப் பிடித்து நிமிர்ந்து நின்று, முழுதாக ஒரு மூச்சை இழுத்துக்கொண்டு சொன்னாள்.

"ஒம்போது."