மூன்று காலாண்டுகள்

பழுப்பேறிய சம்பளப் பட்டியல் ஒன்று இன்னும் கண்ணில் நிற்கிறது. அதில் 'பிடித்தம்' என்று தலைப்பிட்ட ஒரு கட்டம். இன்று ஓய்வூதியத்தில் சாப்பிடுகிறவன் நான். அன்று அந்தக் கட்டத்தைக் கண்டாலே எனக்கு ஆகாது. கீழ்வேளூர்ப் பக்கம் ஆழ்குழாய்க் கிணறு போட வந்த அமெரிக்கக் கம்பெனியின் முகாமில் சம்பள எழுத்தராக இருந்தேன். ஆட்சி மாறிப் புதுக் கட்சி கோட்டைக்குப் போயிருந்த காலம். கூலி நெல் கேட்டு அறுவடை நிற்கும், போலீஸ் வரும். அப்பா விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்காரர். நெல் வாங்க ஒரு மரக்கால், கூலி அளக்கச் சின்னதாக இன்னொரு மரக்கால் என்று வைத்திருந்த பண்ணையில் பாதி ஆயுளைக் கழித்தவர். கூலியில் கைவைக்கிறவன் திருடன் என்பது எங்கள் வீட்டுச் சட்டம்.

துளை போடும் எந்திரத்துக்குப் பொறுப்பாக வந்த அமெரிக்கரைத் துரை என்போம். அறுபதைத் தாண்டியவர். ஊரில் சொந்த நிலத்தை உழுது, கடனில் அதை இழந்து, பிற்காலத்தில் சம்பளத்துக்கு வந்தவர். ஆட்களோடு தரையில் உட்கார்ந்து பழையதும் மோர்மிளகாயும் சாப்பிடுவார்; காரத்தில் கண்ணீர் வழியும், இன்னொன்று கேட்பார். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். கடல் தாண்டி வந்து உழைக்கிறவர் சம்பளத்திலும் அவர் நாட்டு அரசாங்கம் மாதாமாதம் ஒரு பங்கை எடுத்தது எனக்குப் பொறுக்கவில்லை. அமெரிக்கக் கம்பெனி சம்பளம் கொடுத்தால்தான் அந்தப் பிடித்தம், உள்ளூர்க் கம்பெனி கொடுத்தால் கிடையாது. தலைமை அலுவலகம் ஒரு புதுப் படிவம் அனுப்பியபோது, துரைக்குச் சம்பளம் தருவது யார் என்ற இடத்தில் எங்களோடு கூட்டு வைத்திருந்த உள்ளூர்க் கம்பெனியின் பெயரை எழுதிவிட்டேன். பிடித்தம் நின்றது. சம்பளம் நேராக அவர் மகளுக்குப் போனதால் துரை கவனிக்கவில்லை. நான் பெரிய தர்மவான் மாதிரி திரிந்தேன்.

ஊர் திரும்பும் சமயத்தில் அவருக்கு ஒரு கடிதம் வந்தது. வயதான காலத்தில் மாதப் பணம் கிடைக்க அவர் வயதுக்காரர்கள் பதினெட்டுக் காலாண்டுகள் அந்தப் பிடித்தத்தைக் கட்டியிருக்க வேண்டும். அவர் கணக்கில் பதினைந்துதான் இருந்தது. நிலமும் இல்லாத மனிதர் அந்தக் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குறைந்த மூன்றும் நான் பிடித்தத்தை நிறுத்திவைத்த ஒன்பது மாதங்கள். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், வேலை போய்விடும் என்ற பயத்தையும் சேர்த்து.

"வெதநெல்ல எடுத்துக் குத்தித் தின்னுட்டு வந்து நிக்கிற. போயி அவருகிட்ட சொல்லுடா," என்றார்.

சொன்னேன். ஏன் என்று மட்டும் கேட்டார் துரை. மரக்கால் கதையைச் சொன்னேன். அவர் ஊரில் பருத்தி நிறுக்கும் தராசும் அப்படித்தானாம். ஆனாலும் இரண்டு நாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. தவறு என்னுடையது என்று தலைமை அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்தேன். வேலை தப்பியது, அந்த வருட ஊதிய உயர்வு போயிற்று. நின்றுபோன மாதங்களுக்குக் கம்பெனி தன் பங்கைக் கட்டியது, துரை மகளிடம் கேட்டு வாங்கித் தன் பங்கைக் கட்டினார். புறப்பட்ட அன்று என் தோளில் கை போட்டுக்கொண்டுதான் ஜீப் வரை நடந்தார்.

மறு வருடம் அவரிடமிருந்து கடிதம் வந்தது. முதல் மாதப் பணம் கைக்கு வந்துவிட்டதாம். உன் அப்பாவிடம் சொல் என்று எழுதியிருந்தார். படித்துக் காட்டினேன். அப்பாவுக்கு வாயெல்லாம் பல். இன்னொரு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு அந்தச் சிரிப்பு மாறாமலே என்னைப் பார்த்தார்.

"எங்க கூலியிலயுந்தான் அந்தச் சின்ன மரக்கால வச்சு அத்தன வருசம் புடிச்சாங்க. அது யாருக்குடா வந்துச்சு?"